விட்டுப் போகும் உரிமை

ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகும்போது எது நம்மோடு வர வேண்டும், எதை விட்டுவிடலாம்? வீடு, வேலை, ஊர் எல்லாவற்றுக்கும் உரிய இந்தக் கேள்விக்கு எனக்குத் தெளிவான விடை கிடைத்தது கணினியில்தான். பல ஆண்டுகள் பழகிய ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவை விட்டு டெபியனுக்கு மாறியபோது அது கிடைத்தது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் மட்டுமே. அதனோடு க்னூ கருவிகள், டெஸ்க்டாப், உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து, சோதித்து, நிறுவத் தயாரான தொகுப்பாகத் தருவதுதான் டிஸ்ட்ரோ. டெபியன், பெடோரா, ஆர்ச், மின்ட் என்று பெயர்கள் பல. உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். எவ்வளவு புதிய பதிப்புகளைத் தருகிறார்கள், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், முடிவெடுப்பது யார் என்ற மூன்றில்தான் அவை பிரிகின்றன. மாற நினைப்பவர்கள் முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு.

அந்த மூன்றாவது கேள்வியின் எடையை 2020 டிசம்பர் உலகத்துக்கே காட்டியது. ரெட்ஹேட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இணையாக, இலவசமாகக் கிடைத்துவந்தது சென்ட்ஓஎஸ். கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் தங்கள் சர்வர்களை அதில் ஓட்டிவந்தன. 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பி அதன் 8ஆம் பதிப்பை நிறுவியவர்களுக்கு, 2021 முடிவோடு அது நின்றுவிடும் என்ற அறிவிப்பு வந்தது. எட்டு ஆண்டு நம்பிக்கை ஓராண்டாகச் சுருங்கியது.

அதற்குப் பின் நடந்ததுதான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்ஸர் அதற்கு மாற்றாக ராக்கி லினக்ஸை அறிவித்தார். இன்னொரு பக்கம் அல்மாலினக்ஸ் வந்தது. 2021 நடுப்பகுதிக்குள் இரண்டுமே பயன்பாட்டுக்குத் தயார். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்படியே மாற்றித்தரும் ஸ்கிரிப்டுகளையும் அவர்களே எழுதித் தந்தார்கள். மூல நிரல் திறந்திருந்ததால், ஒரு நிறுவனம் மனம் மாறினாலும் பயனர்கள் நடுத்தெருவில் நிற்க நேரவில்லை. கட்டற்ற மென்பொருள் என்றால் பலர் இலவசத்தை நினைக்கிறார்கள். நான் நினைப்பது இதை: கதவு வெளியிலிருந்து பூட்டப்படாது என்ற உறுதியை.

நான் டெபியனைத் தேர்ந்ததற்கும் அதே காரணம்தான். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. திட்டத் தலைவரை அதன் உறுப்பினர்களே ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயனர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை 1997இலேயே ஒரு சமூக ஒப்பந்தமாக எழுதிவைத்தார்கள். புதிய பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நிறுவும்போது வட்டைப் பிரிக்கும் திரை ஒன்று வரும். கணினியின் சொந்தக் கோப்புகள் ஒரு பார்ட்டிஷனிலும், என் எழுத்து, படங்கள், கடிதங்கள், அமைப்புகள் எல்லாம் 'ஹோம்' என்ற தனிப் பார்ட்டிஷனிலும் இருந்தன. முதலாவதை அழித்து எழுதச் சொன்னேன். இரண்டாவதைத் தேர்ந்து, ஃபார்மேட் வேண்டாம், இருக்கும் தரவு அப்படியே இருக்கட்டும் என்ற வரியை அமைத்தேன். டெபியனில் முதல் பயனரின் எண் 1000. பழைய இடத்திலும் என் எண் அதுவே. உரிமையை அந்த எண்ணே குறிப்பதால் கோப்புகள் என்னை உரியவனாக ஏற்றுக்கொண்டன. அடித்தளம் முழுவதும் மாறியிருந்தது. என்னுடையது எதுவும் நகரவில்லை.

எல்லாமே அவ்வளவு எளிதாக முடிந்துவிடாது. டெபியன் தருவது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு; நான் முன்பு ஓட்டியது அதைவிடப் புதியது. புதிய பதிப்பில் ஓடிய புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது; புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும். புக்மார்க்குகளைத் தனிக் கோப்பாக முன்பே எடுத்துவைத்திருந்ததால் அவை வந்து சேர்ந்தன. தமிழ்99 விசைப்பலகைக்கான பொதியைத் தனியே நிறுவினேன். பொதுவான வடிவத்தில் வைத்திருந்தவை எங்கும் வருகின்றன, ஒரே இடத்துக்கென்று அமைந்தவை அங்கேயே நின்றுவிடுகின்றன. வேலை மாறுகிறவருக்கும் இது பொருந்தும். ஒரு நிறுவனத்தின் உள்வழக்கத்தில் மட்டும் பெற்ற தேர்ச்சி அங்கேயே தங்கிவிடும். கற்ற தொழிலும் சம்பாதித்த நல்ல பெயரும் கூடவே வரும்.

மாறுவது எளிது என்பதாலேயே ஓயாமல் மாறுகிறவர்களும் உண்டு. வாரம் ஒரு டிஸ்ட்ரோவை நிறுவிப் பார்க்கும் இளைஞர்களை அறிவேன். கற்கிற வயதில் அது நல்ல பயிற்சி. ஆனால் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவதற்காக இடம் மாறினால், அந்த வேலை புதிய இடத்திலும் அப்படியே காத்திருக்கும். எது என்னைத் தடுக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மாறலாம். சொல்ல முடியாவிட்டால், இருக்கும் இடத்திலேயே ஒரு பிழையைப் புகாரளித்து, அது திருந்தும்வரை உடனிருப்பது நல்லது.

விட்டுப் போவது துரோகமா என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. லிப்ரே ஆஃபிஸ் அலுவலக மென்பொருள், க்னோம், கேடிஈ டெஸ்க்டாப்புகள் போன்றவற்றின் தமிழாக்கத்தில் தன்னார்வலர்கள் உழைக்கிறார்கள். அந்த உழைப்பு நேரே மூலத் திட்டங்களுக்குப் போய், அங்கிருந்து எல்லா டிஸ்ட்ரோக்களுக்கும் பாய்கிறது. அதில் பங்களித்தவர் எந்த டிஸ்ட்ரோவுக்கு மாறினாலும், விட்டு வந்த இடத்தில் அவர் கொடுத்தது குறையாமல் இருக்கும், சேர்ந்த இடத்திலும் இருக்கும். பொதுவில் வைத்ததை யாரும் திரும்ப எடுத்துப் போவதில்லை.

ஆகவே எங்கே வாழ்ந்தாலும் இரண்டு காரியங்களைச் செய்துவைக்க நினைக்கிறேன். என்னுடையதை எப்போதும் எடுத்துச் செல்லக்கூடிய வடிவில் வைத்திருப்பது. கொடுப்பதை எல்லோருக்கும் சேரும் இடத்தில் கொடுப்பது. இவை இரண்டும் இருந்தால் போவதில் இழப்பில்லை, தங்குவதில் கட்டாயமில்லை. போக முடிந்தும் தங்குகிறவரின் அன்புக்குத்தான் மதிப்பு. டெபியனில் இன்று நான் தங்கியிருப்பது அப்படித்தான்.