இரண்டாவது தோட்டா

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் வேட்டைக்குப் புறப்படுகிறார். வழியில் ஊர் ஊராக மண்டகப்படி, கற்பூர ஆரத்தி. பழையசீவரம் மலையில் எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். பார்வேட்டை என்று பெயர். ஓர் உயிரும் சாவதில்லை.

நிஜ வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவில் பேச்சே வேறு. எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா? .223 குண்டின் எடை வழக்கமாக 3.6 கிராம் அளவில் இருக்கும்; .308 குண்டு பத்து கிராமை நெருங்கும். சிறிய குண்டு மானைச் சாய்க்காமல் காயப்படுத்தி ஓடவிடலாம் என்ற கவலை பழையது. வர்ஜீனியா மாநிலத்தில் மான் வேட்டைக்கு .23 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள குண்டு போடும் ரைஃபிள் கூடாது. கொல்வதற்குத்தான் விதி. ஆனால் அந்த விதிக்குள்ளும் கருணை எட்டிப்பார்க்கிறது.

அரைத் தானியங்கி ரைஃபிளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அரைத் தானியங்கியில் விசையை மறுபடி அழுத்தினால் போதும். முதல் குண்டு தவறி மான் துடித்தால், அடுத்தது உடனே அதன் வேதனையை முடிக்கும் என்பார் ஒருவர். அடுத்தது தயாராக இருக்கிறது என்ற தைரியமே முதல் குறியைப் பிசக வைக்கிறது என்பார் மற்றவர்.

இந்த வழக்கைக் காஞ்சியின் ஒரு மூலைக்குக் கொண்டுபோகலாம். திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜைன காஞ்சி என்றே பெயர். சமணம் போற்றும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது உயிர்ப்பறிப்போடு 'பிரமாதம்' என்பதையும் சேர்க்கிறது. தமிழில் நாம் மெச்சிச் சொல்லும் பிரமாதம் அல்ல, அசட்டை, விழிப்பின்மை. வேட்டை என்பதே தெரிந்து கொல்வது என்பதால் சமணம் அதை எந்தத் துப்பாக்கிக்காகவும் மன்னிக்காது. ஆனாலும் இரண்டாவது தோட்டாவை நம்பிச் சுடும் விரலில் அசட்டையும் கூடிவிடுகிறது.

அப்படியானால் காஞ்சிப் பட்டு? அதே காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் புடவையின் உடலோடு கரையை இணைத்துக் கோர்வை போடும் நெசவாளர், ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார். அசட்டைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்த இழைக்கான கூடுகள் பெரும்பாலும் கர்நாடகத்தில், புழுவோடு சூட்டில் வெந்தவை. கண்ணுக்கெட்டாத தூரத்துச் சாவில் நெய்பவரின் பங்கு என்ன, உடுத்துபவரின் பங்கு என்ன? துப்பாக்கியைப் பற்றிய விசாரணை முகூர்த்தப் புடவையிலும் வந்து நிற்கிறது.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஓர் ஊர் இந்த விசாரணையைத் தன் வழியில் முடித்தது. பெயரே வேடந்தாங்கல். ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்குக் கவுல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். முழுக்க ஜீவகாருண்யம் என்று சொல்ல முடியாது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இன்றும் பறவைகள் மிரளும் என்று அங்கே தீபாவளிக்கு வெடியைத் தவிர்க்கிறார்கள்.