மறுப்பவன் இல்லாத மறுப்பு

'இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும் என்பதை நாம் யோசிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த முகத்திடம் கெஞ்சலாம், அதைச் சபிக்கலாம், என்றாவது ஒருநாள் மன்னிக்கவும் செய்யலாம். முகமில்லாத 'இல்லை' இயற்கையிடமிருந்து வருவது. பெய்யாத மழையை யாரும் விசாரணைக்கு இழுப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு: மனிதன் செய்து வைத்துவிட்டுப் போய்விட்ட மறுப்பு. அதன் மிகச் சிறிய, மிகத் தெளிவான உருவம், திரவ மருந்தை அளந்து விடும் நுண்ணிய வால்வுகளில் இருக்கிறது. தர்மத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இவ்வகைப் பொருள்களின் பக்கம் திரும்புவதில்லை. யுத்தம், தூக்குத் தண்டனை, கருணைக்கொலை என்று பெரிய உதாரணங்களே நமக்குப் பழக்கம். ஆனால் அறம் அன்றாடம் புழங்கும் இடம் சிறியது என்றுதான் எனக்குப் படுகிறது.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு மார்ஃபின் கொடுக்கும் முறைகளில் ஒன்று, பொத்தானை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவது. வலிக்கும்போது அவர் அழுத்துகிறார்; சாதாரணமாக 1 மில்லிகிராம் அளவு ரத்தக் குழாய்க்குள் போகிறது. அடுத்த 5 முதல் 10 நிமிஷத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் போகாது. இந்த முறையை ஆரம்பத்தில் பரிசோதித்தவர்களில் ஒருவர் அமெரிக்க மயக்கமருந்து நிபுணரான பிலிப் செக்ஸர். 1968இல் அவர் இதுபற்றி வெளியிட்ட சிறு குறிப்பின் தலைப்பு வலியைப் புறவயமாக அளப்பதைப் பற்றியது. அதாவது மருந்தை அளக்க வந்த சாதனம் அதே சமயம் வலியையும் அளக்க முற்பட்டது. இந்த இரட்டைத்தன்மையைப் பிறகு பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வைத்த பம்பில் அந்த இடைவெளி ஒரு எண், திருத்தினால் மாறிவிடும். இன்னொரு எளிய வகை இருக்கிறது. அதில் மின்சாரம் இல்லை, கடிகாரம் இல்லை. விம்மி நிற்கும் ரப்பர் பை மருந்தைத் தள்ளுகிறது. மருந்து ஒரு நுண்குழாய் வழியாக மெல்ல ஊறி, சில துளிகளே கொள்ளும் சிறிய அறையை நிரப்புகிறது. அழுத்தினால் அந்த அறை காலியாகி மருந்து உடலுக்குள் போகிறது. மறுபடி நிரம்பச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் அதுவரை ஊறியது மட்டும்தான் கிடைக்கும். முந்தியது சாத்திய கதவு என்றால் இது கோடைக்காலத்துக் கிணறு. இங்கே விதி என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை; குழாயின் துளைதான் விதி.

அந்தத் துளையின் கணக்கை 1840களில் சொன்னவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் புவாஸேய். நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியிலிருந்து கண்ணாடிக் குழாய்களுக்கு வந்தவர். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது அவர் கண்டது. துளையைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். துளை 5 சதவீதம் அகன்றால் மருந்து 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். திரவத்தின் சூடும் கணக்கில் சேரும். குளிர்ந்தால் அது கனத்து மந்தமாகும். அதனால் சில சாதனங்களில் குழாயைத் தோலோடு ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். நோயாளியின் உடற்சூடே அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதில் பங்கு கொள்கிறது.

2000இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீபன் க்வேக்கின் குழு இதைவிடச் சிறிய வால்வு ஒன்றைச் செய்து காட்டியது. ஸிலிகோன் ரப்பரில் இரண்டு அடுக்கு. ஒன்றில் திரவம் ஓடும் வாய்க்கால்; அதன் குறுக்கே மற்றதில் காற்று வாய்க்கால். காற்றை அழுத்தினால் நடுவிலுள்ள மெல்லிய சவ்வு தொய்ந்து திரவத்தின் வழியை அடைக்கும். வாய்க்காலின் அகலம் 100 மைக்ரான், உயரம் 10 மைக்ரான். இந்த அளவில் தண்ணீர் நமக்குப் பரிச்சயமான தண்ணீராக நடந்துகொள்வதில்லை. சுழிப்பதில்லை, ததும்புவதில்லை, சொன்னபடி கேட்கிறது. இந்த ரப்பர் வால்வுகள் பெரும்பாலும் சோதனைச் சாலையின் வேலைக்கானவை. ஆனாலும் இன்று உடலில் மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்புகளில் சில, ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கைக்கூட அளந்து விடுகின்றன. ஒரு சொட்டை இருநூறாகப் பிரித்து அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எந்த நர்ஸின் கையும், எவ்வளவு அன்பிருந்தாலும், இதைச் செய்யாது.

இங்கே நம் எழுத்தாளர்களின் கையில் தயாராக ஒரு வாக்கியம் இருக்கிறது: யந்திரம் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் முகமுள்ள மறுப்பு எப்படி இருந்தது என்று பார்க்காமல் இதைச் சொல்வது நேர்மையாகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று டாக்டர் எழுதுவார். மூன்றாவது மணியில் வலிப்பவர் தன் வலியை நிரூபித்தாக வேண்டும். அழுதால் நாடகம், அழாமலிருந்தால் வலியில்லை. யாருடைய வலி நம்பப்படும் என்பதை வலி தீர்மானிப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டுகிறது. கைகால் எலும்பு முறிந்து வந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிமருந்தே தரப்படவில்லை. வெள்ளையரில் அப்படி விடப்பட்டவர்கள் ஏறத்தாழ கால் பங்கினர். ஒரே முறிவு, ஒரே வாசல், வேறு வேறு முகங்கள். நுண்குழாய்க்கு யாரையும் சந்தேகிக்கத் தெரியாது. அது சாட்சி கேட்பதில்லை. இது ஒரு தார்மிக லாபம். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு 'ரூல் அப்படி' என்ற வாக்கியத்தின் சௌகரியம் தெரியும். மறுப்பது நானல்ல, எனக்கு மேலே எங்கோ இருக்கும் ஒன்று. எதிரில் நிற்பவருக்கும் ஒருவிதத்தில் அது நிம்மதி. தன்னை ஒருவன் அவமதித்துவிட்டான் என்று அவர் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் விதியை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். குழாயின் துளையை ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். மருந்தின் அடர்த்தியை ஒருவர் முடிவு செய்திருக்கிறார். மறுப்பு மறையவில்லை, காலத்தில் முன்னால் நகர்ந்துவிட்டது. வலி வருவதற்கு முன்பே, வலிப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அது செய்து முடிக்கப்பட்டுவிட்டது. பொறுப்பு என்பதை நாம் செயல் நடக்கும் கணத்தில் தேடிப் பழகியவர்கள். இங்கே அந்தக் கணத்தில் யாருமே இல்லை.

இதற்கு நேர் எதிரான பக்கம் ஒன்று உண்டு. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. இந்த முறையின் பாதுகாப்பு இடைவெளியில் மட்டும் இல்லை. பொத்தானை அழுத்துவது வலிப்பவர் மட்டுமே என்பதில் இருக்கிறது. மருந்து மிஞ்சத் தொடங்கினால் அவர் தூங்கிவிடுவார். தூங்குகிறவர் அழுத்த மாட்டார். பொத்தான் கையிலிருந்து நழுவுவதே கடைசி வால்வு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயோ மனைவியோ, தூக்கத்தில் அவர் முனகுவதைத் தாங்காமல் அவருக்காக அழுத்தினால் அந்தக் காப்பு போய்விடுகிறது. மூச்சு மெல்லத் தணிந்து நின்றுவிடலாம், நின்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2004இல் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. யந்திரத்தின் கொடுமையைப் பற்றி வருந்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே கொன்றது அன்பு. பிறர் வலியை நம் வலியாக உணர்வதே அறத்தின் உச்சம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தூங்குகிறவருக்காக அழுத்தும் கை தணித்துக்கொள்வது தன் வலியைத்தானோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. சொந்தக் குரலில் கேட்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்: குழந்தை, நினைவு சிதைந்தவர், கையசையாதவர். அவர்களுக்காக இன்னொருவர் அழுத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு அன்பு மட்டும் போதாது. மூச்சை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

செக்ஸரின் அந்த இரட்டைத்தன்மைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் பம்ப் இரண்டு எண்களைக் குறித்துவைக்கிறது: எத்தனை தடவை கேட்கப்பட்டது, எத்தனை தடவை கொடுக்கப்பட்டது. ராத்திரி முழுக்க 40 தடவை கேட்டு 6 தடவை பெற்றவர் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மிச்சம் 34 என்ன? அளவு போதாமலிருக்கலாம். பயமாக இருக்கலாம். நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். தனிமை தாங்காமல் விரல் தானாக அழுத்தியிருக்கலாம். வலியைச் சொல்லும் வார்த்தை வெறும் வர்ணனை அல்ல, அலறல் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று விட்கென்ஸ்டைன் கருதினார். அந்த வார்த்தையின் இடத்தில் இப்போது பொத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக 34 என்பது ஒரு பிரதி. அதற்கு வாசகன் வேண்டும். எண்ணே அர்த்தம் சொல்லாது. காலையில் ஒருவர் வந்து, அதைப் பார்த்து, படுத்திருப்பவரிடம் என்ன நடந்தது என்று கேட்டாக வேண்டும். வலியைப் புறவயமாக அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. அளந்தது கேட்டதைத்தான். நுண்குழாய்ச் சாதனத்தில் இந்தப் பதிவுகூட இல்லை. பையில் எவ்வளவு மீதி என்று பார்க்கலாம். ஊறாத அறையை வீணாக அழுத்திய விரலுக்குச் சுவடே கிடையாது.

இதே ஸ்திதி ஒரு தேசத்தின் அளவிலும் நேர்வதுண்டு. இந்தியா சட்டப்படி அபினிச் செடி பயிரிடும் நாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் அதை விளைவித்து வந்திருக்கிறார்கள். அபின் ஏற்றுமதியும் ஆகியிருக்கிறது. 1985இல் போதைப் பொருள் சட்டம் வந்தபின் இங்கே மருத்துவத்துக்கான மார்ஃபின் உபயோகம் வெகுவாக விழுந்தது. ஒரு ஆஸ்பத்திரி அதை வாங்கி வைக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இடைப்பட்ட கிட்டத்தட்ட முப்பது வருஷங்களில் புற்றுநோய் வலியோடு செத்தவர்களுக்கு மார்ஃபினை யாரும் மறுக்கவில்லை. கடையில் இருக்கவில்லை, அவ்வளவுதான். போதையைத் தடுக்கக் குறுக்கிய துளை, நான்காம் அடுக்கில் வலிக்காரர்களைத் தண்டித்தது. அவர்கள் எத்தனை தடவை கேட்டார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை.

வால்வு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அளவில்லாத மருந்து விஷம் என்பது தர்க்கம்கூட அல்ல, அனுபவம். மறுப்பும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். முகமுள்ள மறுப்புக்கே திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கமும் எனக்கு இல்லை; அந்த முகம் யாரை நம்பியது என்பது நமக்குத் தெரியும். வேண்டியது இவ்வளவே: மறுப்பைச் செய்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வர வேண்டும். மூடியிருந்த நேரத்தில் எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்று அவர் பார்க்க வேண்டும். பார்த்தபின் துளையை மாற்றவும் தயாராக இருக்க வேண்டும். வர மாட்டார் என்றால், அவர் விட்டுச்சென்றது மருத்துவ சாதனமே அல்ல, கட்டிலோடு கட்டப்பட்ட ஒரு தீர்ப்பு.