வேப்பிலை அடிக்கும் காட்சி

2013இல் வெளியான ‘தி கான்ஜுரிங்’ படத்தில் ரத்தம் குறைவு, ஆபாசம் இல்லை. பதின்மூன்று வயதினருக்கான சான்று கிடைத்துவிடும் என்று படக்குழு எண்ணியிருந்தது. அமெரிக்கத் தரநிர்ணயக் குழுவோ, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. படம் அவ்வளவு பயமுறுத்துகிறது என்பதே காரணம். அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனில் ‘தி வுமன் இன் பிளாக்’ படத்தில் ஆறு விநாடிகளை வெட்டி, சில காட்சிகளை இருட்டாக்கி, ஒலியைக் குறைத்து, 12 வயதுச் சான்று வழங்கினார்கள். அப்படியும் 134 புகார்கள். அந்த ஆண்டு வேறெந்தப் படத்துக்கும் அங்கே அத்தனை புகார் வரவில்லை.

இந்தியாவில் யு/ஏ சான்று 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ‘ஏ’ படத்துக்குச் சிறுவரைத் திரையரங்கில் விடக் கூடாது. யு/ஏ என்றால் முடிவு பெற்றோர் கையில்.

அவர்கள் எதை வைத்து முடிவெடுப்பது? பயம் மட்டுமே தீங்கு என்று சொல்ல முடியாது. புளியமரத்து முனியைப் பற்றிப் பாட்டி சொன்ன கதைக்கு நடுங்கிய பிள்ளைகளே மறுநாளும் அதே கதையைக் கேட்டார்கள். பதினான்கு வயதில் தன் தைரியத்தைச் சோதித்துப் பார்க்கத் தோன்றும். இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் தூங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால், வேண்டாம் என்று தோன்றும்போது எழுந்து போக முடிய வேண்டும். தியேட்டரில் நான்கு நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பையனைப் பாருங்கள். பாப்கார்ன் அப்படியே இருக்கிறது. கதவு திறப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறான். இருட்டில் யாருக்கும் தெரியாது. காதைப் பொத்தத்தான் முடியவில்லை. கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். பேய்ப்படத்தில் பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. அதே படத்தை வீட்டில், ரிமோட் தன் கையில் இருக்க, சத்தத்தைக் குறைத்துப் பார்க்க விடுவது அவனுக்குச் செய்யும் நியாயம்.

இதைவிடக் கனமான கேள்வி, படம் யாரைப் பேயாகக் காட்டுகிறது என்பது. தலைவிரி கோலமாக ஒரு பெண்ணைக் கட்டிவைத்து வேப்பிலையால் அடிக்கிறார்கள், அலறுகிறாள், குணமாகிவிடுகிறாள். தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சித்தி உள்ள வீட்டுப் பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியைச் சினிமா பூட்டவில்லை. ஆனால் மனநோய்க்குக் கட்டிவைப்பதே மருந்து என்ற அந்த நம்பிக்கையைப் படத்துக்குப் படம் மெய்யாக்கிக் காட்டுவது சின்னக் குற்றம் அல்ல. ரத்தம் தெறிக்கும் படத்தின் திகில் சில நாளில் ஆறிவிடும். இந்த நம்பிக்கை ஆறாது. சித்தியை அந்தப் பிள்ளை பார்க்கும் பார்வையில் தங்கிவிடும்.

பதின்வயதினர் காட்டியதையெல்லாம் நம்புகிறவர்கள் அல்லர் என்பது உண்மைதான். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்தி, “இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் என்ன?” என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தால், 15 வயதுப் பிள்ளை அதைத் தாராளமாகப் பார்க்கலாம். 13+ என்ற எண்ணைப் பார்த்த நிம்மதியில் அந்த ஒருவர் அடுத்த அறையில் தூங்க, பிள்ளை போர்வைக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு அதைத் தனியாகப் பார்ப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.