பினாயில் வாங்கிய காசு

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்தேன். பல ஆண்டுகள் என் வீட்டு மளிகைச் சீட்டில் பள்ளிக்கான பினாயிலும் விளக்குமாறும் சேர்ந்தே இருந்தன. "கவர்ன்மென்ட் பணம் தரலையா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். "அது வர்றப்ப வரட்டும், பிள்ளைங்க காத்திருக்குமா?" என்றேன். அதைப் பெருமையோடு சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அரசு பணம் தராமல் இல்லை. 2018-19 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியமாக, நூறு பிள்ளைகளுக்கு உட்பட்ட எங்களைப் போன்ற பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். குழாய், மின்விசிறி, சுண்ணக்கட்டி, பதிவேடு எல்லாம் அதற்குள்தான். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. அதாவது 2,500 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 250. அதுவும் எங்கள் கணக்குக்கு வந்து சேரும்போது பாதி ஆண்டு போயிருக்கும்.

கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், கழுவுவதற்குக் கிடைக்காது. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளை 2020இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஆராய்ந்தது. பார்த்தவற்றில் சுமார் 75 விழுக்காட்டில் தினசரிச் சுத்தம் நடக்கவில்லை என்றது. எனக்கு வியப்பில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. மறுநாள் காலை வாளி தூக்குவதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. வீட்டிலும் அப்படித்தானே? வீடு கட்டியவர் பெயர் வாசலில் இருக்கும். பெருக்கியவள் பெயர் எங்கே இருக்கிறது?

ஓர் ஆண்டு தூய்மைப் பணியாளர் நின்றுவிட்டார். ஏழாம் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ அழைத்தேன். நால்வரும் பெண்பிள்ளைகள். நால்வரும் காலனித் தெருப் பிள்ளைகள். அப்படித் தேர்ந்தெடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. என் வாயில் அந்தப் பெயர்கள்தாம் வந்தன. மறுநாள் ஒருத்தியின் அம்மா வந்தார். "ஊர்க் கக்கூஸெல்லாம் நான் கழுவுறேன் டீச்சர். இவளும் கழுவுறதுக்கா இங்க அனுப்புனேன்?" மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடமும் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் கைக்காசு தொடங்கியது. பினாயில் வாங்கினேன், ஓர் அம்மாவை மாதம் 500 ரூபாய்க்கு வைத்தேன். அது பரிகாரம் என்று நினைத்தேன். அந்தக் கூலியில் தினமும் கழிப்பறை கழுவ இன்னொரு பெண் வர வேண்டியிருந்தது என்பதை நினைக்கவில்லை.

கொடுத்தது தவறா? கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளையை நினைத்தால், தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழில் 25,000 ரூபாய் செலவானது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். என் காசு அதில் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. கோப்பைப் பார்ப்பவருக்கு அந்தப் பள்ளி 25,000 ரூபாயில் நன்றாகவே நடக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு "எனக்குப் பசிக்கலை" என்று சொல்லும் அம்மாக்கள் உள்ள வீட்டில் அரிசி குறைந்தது யாருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான் பொய் சொன்னேன். கொடுத்தது தவறில்லை, மறைத்தது தவறு.

கடைசி இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு பற்றாக்குறையையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதினேன். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பெண்கள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனார்கள். அன்று என்னிடம் கேள்வி கேட்ட அம்மாவும் போனார்.

தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. கூலி உயரவில்லை. ஆனால் இப்போது அது பதிவேட்டில் இருக்கிறது. அடுத்து வருகிற டீச்சர் தன் மளிகைச் சீட்டில் எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.