தொட்டவனே சாட்சி

பல ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் பகுதியின் சிற்றூர் ஒன்றில், பங்குத் திருவிழாவையொட்டி நடந்த கேரம் போட்டிக்கு நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். இறுதி ஆட்டத்தின் கடைசி போர்டு அது. ஒருபுறம் அவ்வூர் இளைஞர். மறுபுறம் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை செய்துவந்த வெளியூர்ப் பையன். பையன் ஒரு காயைக் குழியில் வீழ்த்தியதும், “ஸ்ட்ரைக்கர் ரெண்டு கோட்டையும் தொடலைங்க, இது ஃபவுல்” என்று எதிராளி எழுந்து நின்றார். கூட்டம் இரைந்தது. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோடுகளையும் தொட்டிருக்க வேண்டும் என்பது விதிநூலில் உள்ளதே. ஆகவே ஃபவுல் என்று தீர்ப்பளித்தோம். ஊர் இளைஞர் வென்றார்.

பையன் சண்டையிடவில்லை. “சரிங்க ஐயா. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நானும் தொட்டே வெச்சிருப்பனுங்க” என்று கூறிவிட்டுத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது. முந்தைய போர்டுகளில் அந்த ஊர் இளைஞரும் பலமுறை ஒரே கோட்டைத் தொட்டு ஆடியிருந்தார். நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அப்போது வாய் திறவாத நாம், வெற்றி தோல்வி ஊசலாடிய வேளையில் மட்டும் விதிநூலை நினைவுகூர்ந்தோம். விதி மெய்யானதே. அதை நாம் கையாண்ட விதம் நேர்மையானதன்று.

ஓர் எளிய விளையாட்டிற்கு இத்துணை மனவேதனையா என்று வாசகர்கள் வினவலாம். ஆனால் நீதியைப் பற்றிய நம் முதற்பாடங்களை நாம் நீதிமன்றங்களில் கற்பதில்லை. தெருவிலும் திண்ணையிலும் விளையாடும்போதே கற்கிறோம். அங்கே பழகிய வளைவு பின்னர் எளிதில் நிமிர்வதில்லை.

இன்று நம் நகரங்களில் பூல், ஸ்னூக்கர் மேசைகள் கொண்ட கூடங்களை இளைஞர்கள் நாடுகின்றனர். அங்கு நடக்கும் சிறு போட்டிகளிலும் இதே பூசல்தான். ஒவ்வொரு மேசைக்கும் நடுவர் கிடைப்பதில்லை. வெள்ளைப் பந்தைக் கையால் தொட்டால் மட்டும் ஃபவுலா, சட்டைக்கை எந்தப் பந்தில் உரசினாலும் ஃபவுலா? ஒரு கூடத்தின் வழக்கம் மற்றொன்றில் செல்லாது. சொல்லப்படாத விதி, உள்ளூர்க்காரனுக்கு அரணாகவும் புதியவனுக்குக் கண்ணியாகவும் அமைந்துவிடுகிறது.

ஸ்னூக்கரின் பிறப்பே இதற்கொரு பாடம். 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்னும் ஆங்கிலேய இளம் அதிகாரி பழைய பந்தாட்டங்களைக் கலந்து இந்த ஆட்டத்தை உருவாக்கினார். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) அது நம் உதகமண்டலத்திற்கு வந்து, 1880-களில் அங்குள்ள கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. சுவரில் தொங்கும் விதிக்கு, இன்று ஆடப்போவது யார் என்று தெரியாது. யாரை வாழ்த்தும், யாரை வீழ்த்தும் என்பதும் தெரியாது. ஆகவேதான் அது நீதியுடையதாகிறது. ஆட்டத்தின் நடுவில் தேடி எடுக்கப்படும் விதியோ இருவர் முகத்தையும் பார்த்துவிட்டே வருகிறது. விதியை முன்னரே அறிவித்தல் வெறும் நிர்வாக ஒழுங்கன்று. அறியாதவனுக்கும் எளியவனுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.

எனினும், எல்லா விதிகளையும் எழுதி மாட்டிவிட்டால் பூசல் தீர்ந்துவிடுமா? தீராது. பூல் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தும் குறிப்பந்தும் மயிரிழை இடைவெளியில் நிற்கும்போது, குச்சி முனை வெள்ளைப் பந்தை இருமுறை தொட்டுவிடுவதுண்டு. அது ஃபவுல், ஆயின் எதிரே நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. குச்சியைப் பிடித்த கை பல வேளைகளில் அதை உணர்ந்துவிடும். அடிக்க வேண்டிய பந்தும் அடிக்கக்கூடாத பந்தும் ஒருசேரத் தொடப்பட்டு, எது முந்தியது என்று துணிய இயலாவிடில், அடித்தவருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்கின்றன பன்னாட்டு விதிகள். ஐயத்தின் பலனை விதி அவருக்குக் கொடுக்கிறது. ஆனால் ஐயம் பிறருடையதே. உண்மை தெரிந்தவருக்கு ஐயம் ஏது? ஐயமில்லாத ஒருவர் ஐயத்தின் பலனைப் பெற்றுக்கொள்வது, பிறர் பொருளைத் தமதென்று ஏற்பதற்கு நிகரன்றோ?

1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த பொன்விழா டெஸ்ட் ஆட்டத்தை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். விக்கெட் காப்பாளர் பந்தைப் பிடித்ததாக பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உறுதியாக நம்பிய இந்திய அணித்தலைவர் குண்டப்பா விசுவநாத், அவரைத் திரும்ப அழைத்து ஆடச்செய்தார். டெய்லரும் போத்தமும் நிலைத்து ஆட, ஆட்டம் திசைமாறி, இந்தியா பத்து விக்கெட்டுகளில் தோற்றது. தோல்வியோடு முடிந்த அச்செயலை இன்றும் மதிப்புடன் பேசுகின்றனர். நடுவரின் தவறு தமக்குச் சாதகமாயினும், அது தவறே என்று அவர் கண்டார்.

விதியின் எழுத்து போதாமற்போகும் இடங்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் ஆராய்ந்திருக்கிறார். மனிதச் செயல்கள் எண்ணிறந்தவை. சட்டம் இயற்றுவோரால் அவை அனைத்தையும் முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே எழுத்தைப் பற்றிக்கொள்வது நீதிக்கே ஊறு செய்யும் வேளையில், சட்டத்தின் நோக்கத்தைப் பின்பற்றுவது ஒரு நற்பண்பு என்று அரிஸ்டாட்டிலை அடியொற்றி அவர் விளக்கினார். அன்று நாம் செய்திருக்க வேண்டியதும் அதுவே. விதியை இருவருக்கும் உரக்கச் சொல்லி, அந்த போர்டை மீண்டும் ஆடச் செய்திருக்கலாம். ஆயினும் இங்கோர் எச்சரிக்கை தேவை. எழுத்தைத் தளர்த்தும் உரிமையைப் பிறர் நலனுக்காகப் பயன்படுத்துவது எளிதில் தவறாகாது. தன் நலனுக்காக எடுத்துக்கொள்பவன் தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாகிவிடுகிறான்.

இவையெல்லாம் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி பயிரிடுவோர் அறிவர்: கிழங்கின் விலை எடையால் மட்டும் அமைவதன்று, அதிலுள்ள மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ எத்தனை என்பதையும் பொறுத்தது. அளப்பவருக்குத் தெரிவது விளைவித்தவருக்கும் தெரிந்தால் இருவரும் நிம்மதியாய் வீடு திரும்பலாம். அளவு ஒருவர் கண்ணுக்கு மட்டும் எட்டுமிடத்தில், அந்த ஒருவரின் மனச்சான்றே மற்றவரின் தராசு. கடைக்காரர், கணக்கர், தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் என நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு மேசையில் குச்சியைப் பிடித்தவர்களாகவே இருக்கிறோம்.

அந்தத் திருவிழாவிற்குப் பின் வேறு சில போட்டிகளுக்கும் நடுவராக அமர்ந்தோம். முதல் காய் அசையுமுன் விதிகளை எல்லாரும் கேட்க வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். நேரம் வீணாகிறதென்று சிலர் முணுமுணுப்பர். வாசித்து முடித்தபின்தான் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்வோம். ஆனால் அந்தப் பட்டறைப் பையனை மட்டும் மறுபடி காண வாய்க்கவில்லை. கண்டிருந்தால், “தம்பி, அன்று தவறு எங்களுடையது” என்று சொல்லியிருப்போம்.