ரத்தம் பேசுமா

1

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்கு வக்கீல் எதற்கு என்ற கேள்வியைப் பெரும்பாலும் நல்லவர்கள்தான் கேட்கிறார்கள். கொலை செய்தவனுக்கு வக்கீல் இருப்பதை ஒப்புக்கொள்கிறவர்கள்கூட இந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். கொலை வழக்கில் பேச்சு மனிதனைப் பற்றியதாக இருக்கிறது. யார், ஏன், கோபத்திலா, பயத்திலா என்று போகிறது. குடி வழக்கிலோ பேச்சு ஒரு குப்பியைப் பற்றியது. ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்தார்களா? குப்பியில் சோடியம் ஃப்ளோரைடு இருந்ததா? ஸீல் வைத்தது யார்? அடிபட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் உண்மையைப் பார்க்க மறுத்துச் சந்துபொந்துகளில் நுழைந்து ஓடுகிறார் என்று தோன்றிவிடுகிறது.

பேச்சைக் குப்பிக்கு இழுத்து வந்தது வக்கீல் அல்ல, சட்டம்தான் என்று எனக்குப் படுகிறது. அது எப்படி என்று பார்க்க வேண்டும்.

2

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் ஒரு டிரக் காரோடு மோதியது. காரில் இருந்த 3 பேர் செத்தார்கள். டிரக்கை ஓட்டியவன் ஆஸ்பத்திரியில் பிரக்ஞையற்றுக் கிடந்தான். மது வாடை அடித்ததால் போலீஸ்காரர் கேட்டுக்கொள்ள, டாக்டர் அவன் உடம்பிலிருந்து ரத்தம் எடுத்தார். இது செல்லும் என்று 1957இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொன்னது.

1966இல் ஷ்மெர்பர் வழக்கு. லாஸ் ஏஞ்சலஸில் மரத்தில் மோதிய கார். இந்த மனிதருக்குப் பிரக்ஞை இருந்தது. வக்கீல் சொன்னபடி ரத்தம் கொடுக்க மறுக்கவும் செய்தார். இருந்தும் எடுத்தார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அவர்கள் அரசியல் சாசனத்தின் 5ஆவது திருத்தம். அப்படியானால் ரத்தம் சாட்சியமா? 5 பேர் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமுமாகக் கோர்ட் பிளந்தது. பெரும்பான்மைக்காக எழுதிய பிரென்னன், சாசனம் காப்பது ஒருவனுடைய சொல்லை, அவன் தெரிவிக்கும் செய்தியை. ரத்தம் அப்படிப்பட்டதல்ல என்றார். மாறுபட்டு எழுதிய ப்ளாக்கின் வாதம் எளிமையானது. ரத்தத்தை எடுப்பதே அதிலிருந்து ஒரு செய்தியைப் பெறுவதற்காக. பின் எப்படி அது செய்தி ஆகாமல் போகும்?

இலக்கியம் படிக்கிறவனுக்கு ப்ளாக்கின் கேள்வி பழக்கமானது. பொருள் எந்த இடத்தில் குறியாகிறது? ரோட்டில் சிந்திய ரத்தம் வெறும் ரத்தம். பெயர் எழுதி ஒட்டிய குப்பியில் இருக்கும் ரத்தம் தன்னைப் பற்றி யாரோ எழுதப்போகும் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதுகிறவர் ரசாயனப் பரிசோதகர். எழுவாய் மட்டும் ஓட்டியவன்.

நம் சுப்ரீம் கோர்ட் 5 ஆண்டுகள் முந்திக்கொண்டது. 1961இல் 11 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், கைரேகையும் மாதிரிக் கையெழுத்தும் கேட்பது சாசனத்தின் 20(3) பிரிவுக்கு விரோதமல்ல என்றது. 2010இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைப்பது விரோதம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விசித்திரமான தெளிவு கிடைக்கிறது. போதையில் வரும் பேச்சு அவனுடைய பேச்சு, பிடுங்கக்கூடாது. போதை ஏறிய ரத்தம் அவனுடைய பேச்சல்ல, எடுத்துக்கொள்ளலாம்.

3

சரி, ரத்தம் ஒரு பொருள்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொருளுக்கு உரிய சந்தேகங்கள் எல்லாம் அதற்கும் உண்டு. குடித்த பிறகு ரத்தத்தில் ஆல்கஹால் ஏறி, பிறகு மணிக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் வரை, 100 மில்லிலிட்டருக்கு, இறங்குகிறது. ஆளுக்கு ஆள் இது வேறுபடும். 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் மோதிய கணத்தைப் பற்றி நேராக ஒன்றும் சொல்வதில்லை. கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். மூச்சை அளக்கும் கருவி, மூச்சில் உள்ளதைப்போல் 2100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற சராசரியை எல்லோர் நுரையீரலுக்கும் பொருத்துகிறது. ஃப்ளோரைடு போடாத குப்பி வெயிலில் கிடந்தால் கிருமிகள் குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கக்கூடும். யாரும் குடிக்காத சாராயம்!

எல்லைக்கோடும் மனிதன் போட்டதே. நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு 30 மில்லிகிராம் என்கிறது. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 80 என்றது. அதே 185ஆவது பிரிவு, மற்ற போதைப்பொருள்களுக்கு எண் எதுவும் தரவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஓட்டியவன் அதன் பிடியில் இருந்தான் என்று காட்ட வேண்டும். அங்கே மனிதனைப் பார்க்கச் சொல்கிறது. மதுவுக்கு எண்ணைப் பார்த்தால் போதும்.

பொருள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு, பிழையே செய்யாத சாட்சி என்று அதைக் கூண்டில் ஏற்ற முடியாது. கூண்டில் ஏறிய எதையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். வக்கீல் அதைத்தான் செய்கிறார்.

நான் பாங்கில் குமாஸ்தா. செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலைகளில் ஒன்று. கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் செக்கைத் திருப்பிவிடுவோம். கொடுத்தவர் தினமும் பார்க்கிற யோக்கியராக இருக்கலாம். திருப்பியதால் அவரை நான் மோசடிக்காரர் என்றதாகாது. பணம் கொடுக்கும் அளவுக்கு இந்தக் காகிதம் போதாது என்றேன், அவ்வளவுதான். ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பும் காகிதத்துக்கு இதைவிடக் குறைந்த கவனம் போதும் என்று எப்படிச் சொல்வது?

பணக்காரன் தப்பித்துக்கொள்கிறானே என்ற ஆட்சேபணை நியாயமானது. ஆனால் அதன் விரல் தவறான திசையைக் காட்டுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மொபெட்டில் வரும் கொத்தனார் கருவி காட்டிய எண்ணை எதிர்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் கடன் வாங்கிக் கட்டுகிறார். காரில் வந்தவனுக்காகக் கேள்வி கேட்கப்பட்டது அநியாயமில்லை. கொத்தனாருக்காக யாரும் கேட்கவில்லையே, அது அநியாயம்.

4

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று மிஞ்சுகிறது. அரசாங்கம் குப்பியைப் பற்றிப் பேசுகிறது, வக்கீலும் குப்பியைப் பற்றிப் பேசுகிறார். ஓட்டியவன் பேசவே இல்லை. எண் நிரூபிக்கப்பட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் போகிறான். நிரூபிக்கப்படாவிட்டால் கட்டாமல், பேசாமல் போகிறான். தண்டனையும் விடுதலையும் ஒரே மாதிரி அவனைத் தொடாமல் தாண்டிச் செல்கின்றன.

நிரூபிக்கப்படவில்லை என்ற தீர்ப்பை நான் குடிக்கவில்லை என்ற வாக்கியமாக அவன் தனக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளும் இடத்தில்தான் தார்மிகப் பிரச்னை ஆரம்பிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பை வக்கீல் செய்து கொடுக்கவில்லை. அவர் வாங்கித் தந்தது கோர்ட்டில் மௌனமாக இருக்கும் உரிமையை மட்டும். அந்த உரிமை கோர்ட் வாசலோடு முடிகிறது.

டிரக்கில் மோதிச் செத்த அந்த 3 பேரின் வீட்டுக்காரர்களுக்கு எண்ணால் என்ன ஆகும்? ஓட்டியவன் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். பிரக்ஞையற்றுக் கிடந்தவனிடமிருந்து ரத்தத்தை எடுத்துவிடலாம். இந்தச் சொல்லைப் பிரக்ஞை உள்ளவன்தான் கொடுக்க முடியும், அதுவும் யாரும் கட்டாயப்படுத்தாதபோது.