ஆறு அங்குலக் கணக்கு

கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். குதிரையிலிருந்து குதிக்கும் ஹீரோ, சேணத்தோடு சொருகியிருக்கும் ரைஃபிளை உருவுவார். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை 'சடக்'கென்று கீழே தள்ளி, மேலே இழுப்பார். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்கும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். டுமீல்! மறுபடி சடக். மறுபடி டுமீல்!

அந்த வளையத்துக்குப் பெயர் லீவர். அதனால்தான் இந்த வகைக்கே லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் என்று பெயர். இதில் சூப்பர் ஸ்டார், ஜான் பிரவுனிங் வடிவமைத்த 'வின்செஸ்டர் 1894'. அமெரிக்காவில் 70 லட்சத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளினார்கள். மான் வேட்டை என்றாலே அங்கே பல குடும்பங்களில் தாத்தா காலத்து வின்செஸ்டர்தான்.

அது முக்கியமாக இரண்டு அளவுகளில் வந்தது. குழல் 26 அங்குலம் என்றால் ரைஃபிள். 20 அங்குலம் என்றால் கார்பைன். தோட்டா ஒன்றேதான். நீளமானதில் குண்டு இன்னும் வேகமாகப் போகும். ஆனால், ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனது குட்டையானதை!

இந்த ஆறு அங்குலத்தை விட்டுக்கொடுத்ததில் ஒரு தர்மக் கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்கும் முன், கொஞ்சம் விஞ்ஞானம்.

விசையை அழுத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஸ்டார்ட் ஆகாத காரை நாலு பேர் தள்ளுவது போல. பத்தடி தள்ளினால் ஒரு வேகம். இருபதடி தள்ளினால் இன்னும் வேகம். குண்டு குழலுக்குள் இருக்கும் வரைக்கும்தான் இந்தத் தள்ளல். வெளியே வந்துவிட்டால் அப்புறம் காற்றோடு அதன் பாடு.

உதாரணத்துக்கு, .357 மேக்னம் என்றொரு தோட்டா. நாலு அங்குல ரிவால்வரில் சுட்டால் விநாடிக்குச் சுமார் 1,200 அடி வேகம். அதையே 18 அங்குல லீவர் ரைஃபிளில் போட்டுச் சுட்டால் சுமார் 1,700 அடி! மருந்தில் ஒரு சிட்டிகைகூடக் கூடவில்லை.

அப்படியானால் நாற்பது அங்குலத்துக்குக் குழல் செய்தால் என்ன? அங்கேதான் என்னை மாதிரி பி.காம். படித்தவர்களுக்கு ஒரு பழைய நண்பர் எதிர்ப்படுகிறார். குறைந்து செல் விளைவு விதி! குண்டு நகர நகர வாயு பரவ இடம் கூடுகிறது. அழுத்தம் இறங்குகிறது. முதல் சில அங்குலங்கள் வாரி வழங்கும். கடைசி அங்குலங்கள் சில்லறைதான் தரும். .22 என்ற சின்னத் தோட்டாவில் 16 முதல் 20 அங்குலத்துக்குள் மருந்தின் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் குழல் உராய்ந்து குண்டின் வேகத்தைக் குறைக்கத்தான் பார்க்கும்.

வின்செஸ்டருக்கு வருவோம். அதன் புகழ்பெற்ற தோட்டா .30-30. வேகம் விநாடிக்குச் சுமார் 2,300 அடி. ஒரு அங்குலம் குறைத்தால் போவது சுமார் 20 அடி. ஆறு அங்குலத்துக்கு 120. மொத்தத்தில் 5 சதவிகிதம். இதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? எடை குறைவு. குதிரைச் சேணத்தில் அடக்கம். அடர்ந்த காட்டில் கிளையில் மாட்டாமல் சட்டென்று திருப்பலாம். நல்ல வியாபாரம்தானே என்கிறீர்களா?

இருங்கள். கணக்குப் பதிவில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு இடத்தில் வரவு எழுதினால் இன்னொரு இடத்தில் பற்று எழுதியே ஆகவேண்டும். வசதி என்ற வரவு வேட்டைக்காரர் கணக்கில் ஏறிவிட்டது. அந்த 5 சதவிகிதப் பற்று யார் கணக்கில்?

மான் கணக்கில்.

வேகம் 5 சதவிகிதம் குறைந்தால், குண்டின் ஆற்றல் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் குறையும். அதற்கு மேல் இன்னொன்று. இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முனை கூர்மையாக இருந்தால் முன்னால் நிற்கும் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைத்துவிடலாம். அதனால் மழுங்கிய முனைதான் வழக்கம். மழுங்கல் முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். தூரம் அதிகமாகி வேகம் செத்துப்போன குண்டு, உடம்புக்குள் விரியவேண்டிய அளவுக்கு விரியாது. மான் அந்த இடத்தில் விழாது. காயத்தோடு ஓடும். எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் கிடந்து சாகும்.

நேர்மையான வேட்டைக்காரருக்கு இது தெரியும். அவர் என்ன செய்கிறார்? '150 கஜத்துக்கு மேல் சுடமாட்டேன்' என்று தனக்குத்தானே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். 200 கஜத்தில் அருமையான கொம்போடு ஒரு மான் நின்றாலும், ஒன்று, ஓசைப்படாமல் இன்னும் ஐம்பது கஜம் நெருங்குகிறார். அல்லது வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். தான் வெட்டிய ஆறு அங்குலத்துக்குத் தன் காலால் நடந்து விலை கொடுக்கிறார். இன்னொருவர் அங்கிருந்தே 'டுமீல்' என்கிறார். பட்டால் சரி. படாவிட்டால் மான் பாடு!

"கொல்லப் போகிறவனுக்கு என்ன சார் தர்மம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேட்டையே கூடாது என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், 'முழுசாக நல்லது செய்ய முடியாவிட்டால், எப்படிச் செய்தால் என்ன?' என்பது ஆபத்தான வாதம். நாம் யாருமே முழுசாகச் சுத்தமான காரியம் மட்டும் செய்து பிழைக்கவில்லை. செய்கிற காரியத்துக்குள்ளேயே செய்யும் விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. சாகப்போகும் அந்த மானுக்கு அது பெரிய வித்தியாசம்.

அமெரிக்கச் சட்டமும் குழலை ரொம்பக் குட்டையாக்கினால்தான் கேள்வி கேட்டது. 1934-ல் வந்த சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிளைப் பதிவு செய், வரி கட்டு என்றது. 1960-ல் அந்த வரம்பு 16 ஆனது. காரணம் சிம்பிள். குட்டைத் துப்பாக்கியைக் கோட்டுக்குள் மறைக்கலாம். மறைப்பவருக்கு அது வசதி. ஆபத்து எதிரே வருபவருக்கு.

குட்டையாக்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புதருக்குள் 26 அங்குலத்தோடு மல்லுக்கட்டி, அவசரத்தில் கோணலாகச் சுடுபவரைவிட 20 அங்குலக்காரர் எவ்வளவோ மேல். எது போதும் என்று தெரிந்து நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நிறுத்தியதன் செலவை வாயில்லாத ஒரு ஜீவன் தலையில் கட்டுவதுதான் தப்பு.

நாமும் தினமும் அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பத்து நிமிடம் கேட்கவேண்டிய நோயாளியை இரண்டு நிமிடத்தில் அனுப்பும் டாக்டர். கடைசிப் பாடத்தை 'நீங்களே படிச்சுக்குங்க' என்று முடிக்கும் வாத்தியார். சிமென்ட்டில் கொஞ்சம் குறைக்கும் மேஸ்திரி. அம்மாவிடம் பேசும் போனை, 'அப்புறம் கூப்பிடறேன்' என்று வெட்டும் நீங்களும் நானும். எல்லாம் வெறும் 5 சதவிகிதம்தான்! சிலது நிஜமாகவே தேவையில்லாத அங்குலம். வெட்டலாம். சிலதை வெட்டிவிட்டு, பிற்பாடு நடந்துபோய் ஈடுகட்டலாம். டாக்டர் சாயங்காலம் போன் செய்து விசாரிக்கலாம். நாம் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நிற்கலாம்.

அடுத்த தடவை எதையாவது குறைக்கும்போது, மிச்சமானது எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துப் பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வாய் திறந்து கேட்க முடியாதவர் என்றால், இன்னும் ஐம்பது கஜம் நடக்கவேண்டியது நீங்கள்தான்.